மூன்றாவது நாற்காலி

மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி.
கீழே யாருக்கோ நிச்சயதார்த்தம்,
மேலே இருநூற்றுப் பதினான்கு படங்கள்.
நடுவர்கள் மூன்று பேர்:
பதினெட்டு வருடமாய்ப் பறவை பிடிக்கும் ஹெக்டே,
கல்யாணம் பிடிக்கும் தஸ்லீம்,
குக்கர் பிடிக்கும் நான்.

சிரிக்க வேண்டாம்.
பீன்யாவில் ஒரு ஷெட்டில்
வெள்ளைத் துணிக்கு நடுவே
குக்கர், தவா, குழந்தைகளின் தண்ணீர் பாட்டில்,
ஒரு நாளைக்கு அறுபது.
நள்ளிரவில் விரலால் பெரிதாக்கிப் பார்த்து
வேண்டாமென்று நீங்கள் மூடிய பாத்திரங்களில்
சில என்னுடையவை.

முதல் சுற்றிலேயே வாய் கசந்துவிட்டது.
அருவிகளெல்லாம் பாலாய் ஊற்றின.
சுருக்கம் விழுந்த முகங்கள் வரிசையாய் வந்தன
கறுப்பு வெள்ளையில்,
பசிக்கு நிறமே கிடையாது என்பதுபோல்.
கப்பன் பார்க்கில் பனிமூட்டம், பனிமூட்டம்,
இன்னுமொரு பனிமூட்டம்.

அப்புறம் நூற்றுப் பன்னிரண்டு.
மீன்கொத்தி.
நீரை விட்டு ஒரு சாண் மேலே,
அலகில் மீன்,
மீனின் கண்ணில் கரையோரப் புல்.
ஹெக்டே கண்ணாடியைக் கழற்றினார்.
"பத்து நாளாவது காத்திருப்பான், இடுப்பளவு தண்ணீரில்"
என்றார், தன் முழங்காலைத் தடவியபடி.
எனக்கு ஒன்றுமே ஆகவில்லை.
குறை தேடினேன். இல்லை.
குறை இல்லாததே குறை என்று எழுதப் போய்
வெட்கப்பட்டு நிறுத்தினேன்.

நூற்று அறுபதில் நின்றேன்.
மொட்டை மாடி, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி,
அதன்மேல் காயும் வெள்ளை ஷூ ஒரு ஜோடி.
அடிவானம் சரிந்திருந்தது.
ஓரத்தில் எடுத்தவரின் கட்டைவிரல்.
பத்துக்கு ஒன்பது போட்டுவிட்டேன்.
தஸ்லீம் எட்டிப் பார்த்து,
"இதுல என்ன இருக்குக்கா?" என்றாள்.
குத்தலாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான்.

என்ன இருக்கிறது?
விவேக்நகரில் நாங்கள் இருந்த ஒற்றை அறைக்கு மேல்
இதே சிவப்பு, இதே நாற்காலி.
திங்கட்கிழமை ஷூவுக்கு
ஞாயிறு முழுக்கக் காவல் இருந்தவள் நான்,
காக்கைக்கும் தூறலுக்கும் நடுவில்.
அது படத்தில் இல்லை, என்னிடம் இருக்கிறது.
படம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.
வேண்டுமென்றே திறந்ததா,
கட்டைவிரலைப் போலத் தவறி விழுந்த கதவா,
யார் சொல்வது?

நம் மொழியில் ஒரு சங்கடம்.
கேமராவில் விழுந்ததும் பிடித்த படம்,
மனசில் விழுந்ததும் பிடித்த படம்.
ஹெக்டேயிடம் விளக்கிப் பார்த்தேன்.
கன்னடத்தில் நாங்கள் ஃபோட்டோவை அடிப்போம்,
எங்கள் சிக்கல் வேறு என்று சிரித்தார்.
கீழே நாதஸ்வரம் சுதி சேராமல் இழுத்தது;
தஸ்லீமுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

டீ வந்தது.
ஒன்பதை அடித்து ஆறு என்று எழுதினேன்.
மீன்கொத்திக்கு எட்டரை.
அதுதான் நியாயம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.
அன்றிரவு கனவில் மீன்கொத்தி வந்து
என் கண்ணைத் திறந்தது என்று சொன்னால்
கவிதைக்கு அழகாக இருக்கும்.
வரவில்லை.
நாற்காலிதான் வந்தது, ஷூ இல்லாமல்.

மறுநாள் ஷெட்டில் ஐந்து லிட்டர் குக்கர்.
எவர்சில்வர் பிடிக்கிறவர்கள் பாடு தனி.
எடுப்பவர் முகம் பாத்திரத்தின் வயிற்றில் விழும்.
துணியில் ஓட்டை போட்டு
லென்ஸை மட்டும் வெளியே நீட்டி
ஆளே இல்லாததுபோல் நிற்க வேண்டும்.
அதையும் மீறி விழுந்தால்
கணினியில் உட்கார்ந்து நம்மை நாமே துடைக்க வேண்டும்.

நாற்பத்து மூன்றாவது படத்தில்
கைப்பிடிக்குக் கீழே
பச்சைப்பயறு அளவுக்கு நான்.
துடைத்தேன்.
கொஞ்சம் விட்டேன்.

யாராவது பெரிதாக்கிப் பார்த்தால்
கறை என்று நினைத்து
வேறு குக்கருக்குப் போய்விடுவார்கள்.